புள்ளி விழாத பாய்

துணி காய்வதற்குப் புதுச்சேரி நல்ல ஊர் இல்லை. வெயில் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றுக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. காலையில் கொடியில் போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். சாயந்திரம் கடலிலிருந்து காற்று திரும்பியதும் மறுபடி பிசுபிசுத்துப் போகும். எங்கள் தொண்டியும் கடலோரம்தான். அங்கே காய்ந்த துணி காய்ந்த துணிதான். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இது ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. என் முதலாளி லூயிஸ் முசேயின் தோணியில் போனவர்களில் நான்கு பேர் செத்துப்போனார்களே, அவர்கள் குடித்த தண்ணீரில் என்ன இருந்தது, அது எப்படி வந்தது, எனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். சொல்வதற்குத் தயக்கமும் இல்லை. ஆனால் பாயிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். நான் பாய் என்பது தோணியின் பாய்.

முசேயின் தோணிக்குப் பாய் தைப்பதும், கிழிந்தால் ஒட்டுப் போடுவதும், உலர்த்தி மடித்து வைப்பதும் என் வேலை. முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே, மணல் தொடங்குகிற இடத்தில் அவருடைய கிடங்கு இருக்கிறது. கயிறு, தார், துடுப்பு, பாய் எல்லாம் அங்கேதான். நானும் அங்கேதான். மடித்த பாயின் மேலேயே படுத்துக்கொள்வேன். தொண்டியில் எனக்கென்று இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இங்கே யாரையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லாரும் ஊர்ப் பேரைச் சொல்லி, தொண்டியாரே என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் முசேக்குத் தெரியுமா என்பது சந்தேகம். நேற்று நீங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டபோது எனக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

பாய்க்குப் பகை புயல் என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். புயலில் கிழிந்தால் தைத்துவிடலாம். பூஞ்சணம் பிடித்தால் தைக்க முடியாது. ஊசி குத்திய இடத்திலேயே துணி பொடியாகிவிடும். அது கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. இரண்டு நாளில் மடிப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் மாதிரிப் படரும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் பிழைத்தது. எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் போட்டால் போய்விடும். விட்டுவிட்டால் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளி விழுந்தால் விழுந்ததுதான்.

கடல் தண்ணீரில் நனைந்த பாய் சீக்கிரம் பூக்காது. மழைத் தண்ணீர்தான் கெடுதல். அதனால் மழையில் நனைந்த பாயை ஒரு முறை கடலில் முக்கி எடுத்து, காயவைத்து, பிறகு மடிக்க வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சோம்பல் இல்லாமல் இருந்தால் போதும்.

தண்டேல் மிக்கேலுக்கு அந்தச் சோம்பல் உண்டு. தண்டேல் என்றால் தோணிக்குத் தலைவன். ஆள் நல்ல உயரம், பெரிய குரல், எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பான். அவனை எல்லாருக்கும் பிடிக்கும். கரைக்கு வந்ததும் ஈரப் பாயை அப்படியே சுருட்டி ஆட்கள் தோளில் ஏற்றிக் கிடங்குக்குள் தள்ளிவிடுவான்.

"தொண்டியாரே, ஒங்க பொண்டாட்டி வந்துட்டா. நனஞ்சிட்டு வந்திருக்கா, தலதொவட்டி வுடுங்க" என்பான்.

அவனோடு வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் பாயை விரிப்பேன். சில நாள் நான் இல்லாத நேரத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சில நாள் தோணியிலேயே சுருட்டியபடி கிடக்கும். எனக்குச் சொல்லியனுப்பக்கூட மாட்டார்கள். பழைய பாய் அப்படித்தான் போயிற்று. முசே வந்து பார்த்தபோது பாதிக்கு மேல் கறுப்பு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுக்கடலில் மழை பெய்தால் இவர்கள் பாயில் தண்ணீர் பிடிப்பார்கள். பாயைத் தாழ்த்தி, நடுவில் தொட்டில் மாதிரி குழித்து, ஓரத்தில் வழிகிற தண்ணீரைப் பீப்பாயில் விடுவார்கள். பாயில் உப்புப் படிந்திருக்கும் என்பதால் முதலில் வருகிற தண்ணீரைக் கடலில் ஊற்றிவிடுவார்கள். அடுத்து வருகிற தண்ணீரில் முதல் செம்பு தண்டேலுக்கு. அவன் குடித்துவிட்டு உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் தொட மாட்டார்கள். எத்தனை தாகமாக இருந்தாலும் தொட மாட்டார்கள். இந்தக் கரையில் எல்லாத் தோணியிலும் இந்த வழக்கம் உண்டு. உங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். பாய் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். துணி முழுவதும் மழைத் தண்ணீரில் ஊறிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே.

புதுப் பாய்க்கு முசே நல்ல கித்தான் வரவழைத்தார். நானே வெட்டித் தைத்தேன். வழக்கமாக ஆவாரம்பட்டையை இடித்து அண்டாவில் கொதிக்கவிட்டு அந்தச் சாயத்தில் பாயை ஊறப்போடுவோம். செம்பழுப்பாக வரும். அந்தத் துவர்ப்புக்குப் பூஞ்சணம் கிட்டே வராது. பட்டைகூட வாங்கி வைத்துவிட்டேன். முசே கிடங்குக்கு வந்து அதைப் பார்த்தார்.

"சாயம் கீயம் ஒண்ணும் வேணாம். ஜூலை பதினாலு பிரெஞ்சுப் பண்டிகைக்கு எல்லாத் தோணியும் வந்து நிக்கும். என் தோணி வெள்ளையா நிக்கணும். தொரைங்க கேக்கணும், அது யாருதுன்னு."

"வெள்ளையா வுட்டா ரெண்டு மழை தாங்காது முசே" என்றேன்.

"தாங்க வெக்கத்தான நீ இருக்கற?"

அது நியாயம்தான். அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

பண்டிகையன்று பாயை ஏற்றினார்கள். கப்பல் துறையின் கடல் பாலத்தின் மேல் கூட்டம் நின்று பார்த்தது. நானும் கரையில் நின்று பார்த்தேன். காற்று உள்ளே புகுந்ததும் அது ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு, பிறகு நிறைந்து நின்றது. நான் தைத்த தையல் தூரத்திலிருந்து தெரியவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். என் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பார்த்து, இது என் கையால் ஆனது என்று நான் நினைத்தது அந்த ஒரு நாள்தான்.

சாயந்திரம் இடி மழை. மிக்கேலும் ஆட்களும் நனைந்த பாயைச் சுருட்டித் தோணிக்குள் எறிந்துவிட்டுக் குடிக்கப் போய்விட்டார்கள். மறுநாளும் பண்டிகை மயக்கம். என்னைத் தோணிக்குக் கூட்டிப்போகப் படகு கிடைக்கவில்லை. பாய் என் கைக்கு வந்தபோது வாடை வந்துவிட்டது. பிரித்தால், உள்மடிப்பில் சாம்பல் படர்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளி.

முசே வந்தார். குனிந்து மோந்து பார்த்தார். மிக்கேலும் அவன் ஆட்களும் கிடங்கு வாசலில் நின்றிருந்தார்கள்.

"எப்படிடா ஈரம் ஏறுச்சு?" என்று முசே பொதுவாகக் கேட்டார்.

மிக்கேல் கொஞ்சமும் தயங்கவில்லை. "தொண்டியாரு அது மேலதான முசே படுக்கறாரு? வயசாயிடுச்சு பாருங்க. ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு என் வாயால சொல்லணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். முசேயும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மண்ணாங்கட்டியும் சிரித்தான். அவன் தோணியில் சமையல்காரன். கரையில் இருக்கும் நாட்களில் வீட்டிலிருந்து எனக்கு மீன்குழம்பு கொண்டுவந்து தருவான். தொண்டியில் மழை பெய்கிறதா, அங்கே என்ன மீன் என்றெல்லாம் கேட்பான். சிரிக்காமல் இருக்க அவன் முயற்சி செய்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அதை நான் கவனித்தேன். ஆனாலும் சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிரித்து முடித்ததும் முசே என்னைப் பார்த்து, "இதச் சுத்தம் பண்ணு. இன்னொரு தரம் ஒரே ஒரு புள்ளி பாத்தேன், நீ தொண்டிக்கே போயிடு" என்றார். தொண்டியில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கிடங்கை விட்டால் எனக்குக் கூரை கிடையாது. இந்த வயதில் ஒருத்தனை யார் பாய் தைக்கக் கூப்பிடுவார்கள்? அடுத்த தடவையும் மிக்கேல் ஈரத்தோடுதான் கொண்டுவந்து போடுவான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவன் எப்படிப் போட்டாலும் கெடாத பாயாக அதை ஆக்கியாக வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீடு இருக்கிறது. பறவைகளைக் கொன்று, பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் வீட்டு மாடிக்கு வெயில் மறைப்புத் தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே வேலைக்காரர் ஆரோக்கியம் எனக்குப் பழக்கம். அந்தப் பறவைகள் எத்தனை மழைக்காலம் போனாலும் பூக்காமல் இருந்ததைப் பார்த்து அவரிடம் கேட்டேன்.

"அதுவா? சவ்வீரம். தண்ணியில கரச்சித் தடவிட்டா பூச்சியும் வராது, பூஞ்சணமும் வராது. தடவுனதே தெரியாது, நெறமே கெடையாது" என்றார். அப்புறம், "தொரை அந்த டப்பாவப் பூட்டித்தான் வெப்பாரு. சாவிய ஏங்கிட்டகூடக் குடுக்க மாட்டாரு" என்றார்.

சவ்வீரம் விஷம் என்பது எனக்குத் தெரியும். நாட்டு மருந்துக்கடையில் எல்லாருக்கும் தெரியும். அது தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆரோக்கியத்தின் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அது வேண்டாம். அவர் எனக்கு எதுவும் தரவில்லை. நான் கடையில் வாங்கினேன்.

முதலில் ஒரு துண்டுக் கித்தானில் தடவிப் பார்த்தேன். புதுப் பாயில் நேரடியாகக் கை வைக்க மனசு வரவில்லை. அதைக் கிடங்கின் கொல்லையில், நாலு கழி நட்டு, தொட்டில் மாதிரி கட்டி வைத்தேன். மருந்து போடாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் கட்டினேன். ஆடி மாசத்தில் மழை நினைத்தபோது பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு இரண்டையும் ஈரத்தோடு சுருட்டி மூட்டைக்கு அடியில் வைத்தேன். மருந்து போடாதது நாலாம் நாளே பூத்துவிட்டது. மருந்து போட்டது மூன்று மழை வாங்கியும் அப்படியே இருந்தது. மழையில் கொஞ்சம் கரைகிறது, ஆனால் முழுவதும் போய்விடுவதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்பீர்கள். கீழே ஒரு சட்டி வைத்திருந்தேன். மூன்றாவது மழையில் வழிந்த தண்ணீரை அந்தப் பக்கம் திரிகிற நாய் ஒன்று குடித்தது. வயதான நாய். யாருடையதும் இல்லை.

அதன் பிறகு பாய் முழுவதும் மருந்து ஏற்றினேன். துணி நன்றாகக் குடிக்கிற வரைக்கும் விடாமல் ஏற்றினேன். முன்னே விழுந்த இரண்டு மூன்று புள்ளியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துத் தைத்தேன். முசே வந்து பார்த்து, "இப்பத்தான் இது பாயி" என்றார்.

ஆவணி பிறந்ததும் திருகோணமலைக்குப் போக ஏற்பாடு. தோணி கிளம்புகிற அன்று காலையில் பாயைக் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். மண்ணாங்கட்டியும் வந்தான். அவன் மனைவி அன்னக்கிளி சோற்று மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். மண்ணாங்கட்டி பாயைத் தடவிப் பார்த்தான்.

"யண்ணே, பால் மாதிரி இருக்குதண்ணே. இதுல மழத்தண்ணி புடிச்சா எளநி கணக்கா இருக்கும்."

நான் பதில் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "மொதத் தண்ணிய ஊத்திடுங்க" என்றேன்.

"அது தெரியாதா? மொதத் தண்ணி கடலுக்கு, ரெண்டாந் தண்ணி தண்டேலுக்கு, மூணாந் தண்ணிதான் நம்மள மாதிரி எளச்சவனுக்கு." அவன் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு முசே முன்னாடி... மனசுல வெச்சிக்காதீங்கண்ணே. தண்டேலு வாயி அப்படி. ஆளு கெட்டவரு இல்ல" என்றான்.

"நான் எதையும் மனசுல வெக்கல" என்றேன்.

"போயிட்டு வந்து கொழம்பு கொண்டாறேன்."

"வா" என்றேன்.

அங்கே நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அன்னக்கிளி நின்றிருந்தாள், ஆட்கள் நின்றிருந்தார்கள், மிக்கேல் கரையில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். சொல்லியிருந்தால் பாயை எடுத்துக் கடலில் போட்டுத் துவைத்திருப்பார்கள். மருந்தெல்லாம் போயிருக்கும். மறுபடி பூக்கும், மறுபடி முசே வருவார். இத்தனை நாள் பட்ட பாடு வீண். அதோடு, திருகோணமலை ஒன்றும் தூரம் இல்லை. பீப்பாய்த் தண்ணீரே போய்வரப் போதும். மழை பெய்யும் என்று யாருக்குத் தெரியும்?

போகும்போது நல்லபடியாகத்தான் போனார்கள். திரும்பும்போது காற்று நின்றுவிட்டது. நீரோட்டம் தோணியைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. பீப்பாய் காலி. அப்புறம் மழை வந்தது. நடந்ததை மிக்கேலே உங்களிடம் சொல்லியிருப்பான். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிப் போவதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சொன்னான். நானும் கேட்டேன்.

மழை பிடித்ததும் இவர்கள் வழக்கப்படி முதல் தண்ணீரைக் கடலில் ஊற்றினார்கள். அடுத்த தண்ணீரில் மண்ணாங்கட்டி செம்பை நிரப்பி மிக்கேலிடம் நீட்டினான். மிக்கேல் வாங்கவில்லை. மண்ணாங்கட்டியின் நாக்கு வீங்கியிருந்தது. மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீரில் தன் பங்கை அவன் காய்ச்சலில் கிடந்த இன்னொரு தோணியாள் சாமிக்கண்ணுக்குக் கொடுத்திருந்தானாம். அதைப் பார்த்து மிக்கேல், "இன்னிக்கித் தண்டேலும் கெடையாது, கிண்டேலும் கெடையாது. குடிங்கடா மொதல்ல" என்றிருக்கிறான்.

அவர்கள் குடித்தார்கள். மூன்று நாள் தாகம். செம்பு செம்பாகக் குடித்தார்கள். கசக்கிறதே என்று ஒருத்தன் சொன்னதற்கு, பீப்பாய்க்குப் புதுசாகத் தார் பூசியிருக்கிறோம் அல்லவா, அதுதான் என்று இன்னொருத்தன் சொன்னானாம். மிக்கேல் கடைசியாகச் செம்பை வாயில் வைத்தான். ஒரு வாய் விழுங்குவதற்குள் மண்ணாங்கட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். மிக்கேல் மிச்சத்தைத் துப்பிவிட்டான். சாமிக்கண்ணு காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்கு உதட்டை நனைத்ததோடு சரி. அவர்கள் இரண்டு பேரும் பிழைத்தார்கள். மூன்று பேரை மிக்கேல் கடலிலேயே விட வேண்டியதாயிற்று. காற்று திரும்பியதும் தனியாளாகச் சுக்கானைப் பிடித்து, அந்த ஒரு பாயை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். மண்ணாங்கட்டிக்குக் கலங்கரை விளக்கம் கண்ணில் படுகிற வரைக்கும் உயிர் இருந்ததாம்.

தோணி வருகிறது என்று சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடியவர்களில் நானும் ஒருத்தன். உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். தூரத்தில் பாயைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மழையில் ஊறி, நாள்கணக்கில் நனைந்து வந்த பாய். ஒரு புள்ளி இல்லை. அவர்கள் மண்ணாங்கட்டியைப் படகில் இறக்கிக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு படகில் ஏறித் தோணிக்குப் போய்ப் பாயை அவிழ்த்தேன். அதை அப்படியே விட்டிருந்தால் வேறு யார் கவனித்திருப்பார்கள்?

மறுநாள் அன்னக்கிளி கிடங்குக்கு வந்தாள்.

"யண்ணே, கெளம்பறப்ப ஒங்ககிட்ட நின்னு பேசிக்கினு இருந்தாரே. என்னாத்தச் சொன்னாரு?"

"பாயி பால் மாதிரி இருக்குன்னு சொன்னாம்மா" என்றேன்.

அதைக் கேட்டு அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வெள்ளையா எதப் பாத்தாலும் பால்னுதான் சொல்லும் அது" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நல்ல தண்ணீர்தான், ஐயா. உங்கள் முகம் ஏன் அப்படிப் போகிறது?

இனி நீங்கள் கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். கொல்கிற எண்ணம் இருந்ததா என்று கேட்பீர்கள். பாயைக் காப்பாற்றுகிற எண்ணம்தான் இருந்தது. நான்கு பேர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர்களில் யாரும் சாகாமல் இருக்க வேண்டும் என்றுதான் கணக்குப் பார்த்தேன். நாய் அந்தத் தண்ணீரைக் குடித்தது என்று சொன்னேன். அது தானாக வந்து குடிக்கவில்லை; நான் கூப்பிட்டுச் சட்டியைத் தள்ளி வைத்தேன். எனக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை. அன்று ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நாய் நக்கி முடித்ததும் பற்றவைத்தேன். எனக்கு இருமல் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. சுருட்டில் பாதி போவதற்குள் நாய் சுருண்டுவிட்டது. அப்படியென்றால் தண்டேல் குடித்துச் சுருட்டு முடிப்பதற்குள் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் தொட மாட்டார்கள். ஒருத்தரோடு போகும். அந்தச் சந்தேகம் தீர்ந்த பிறகுதான் பாயில் கை வைத்தேன்.

ஆகவே வழக்கத்தை மீறியது நான் இல்லை. மிக்கேல் அத்தனை வருஷமாகச் செய்துவந்ததை அந்த ஒரு நாளும் செய்திருந்தால், மண்ணாங்கட்டி இந்நேரம் குழம்பு கொண்டுவந்திருப்பான். அவன் நல்லது செய்யப்போய் நான்கு குடும்பம் தெருவில் நிற்கிறது. அதை அவனிடம் யாராவது எடுத்துச் சொன்னார்களா? ஆஸ்பத்திரியில் அவனுக்கு எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. கேட்டால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

பிரெஞ்சில் எழுதியதை மொழிபெயர்த்து வாசிக்க வேண்டாம், நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பீர்கள். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும். பாயைச் சாட்சிக்கென்று கொண்டுவந்து உங்கள் பின்கட்டில் போட்டிருக்கிறீர்கள். இங்கே கூட்டிவரும்போது பார்த்தேன். மடித்தவன் யாரோ, நாலாக மடித்துச் சுவரோரம் வைத்திருக்கிறான். அந்தச் சுவர் ஓதம் அடிக்கிற சுவர். ஐப்பசி மழை தொடங்கினால் மருந்து இருந்தும் பிரயோஜனம் இல்லை. வெயில் இருக்கும்போதே யாரையாவது விட்டு முற்றத்தில் விரிக்கச் சொல்லுங்கள். விரிக்கிறவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு சாப்பிடட்டும். மறக்காமல் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.